தெரிந்த கதையும் தெரியாத மொழியும்

பிழைப்பை நாடி மைசூருக்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பெற்றோரின் கவலைகளை வரிசைப்படுத்திப் பார்த்தால், பிள்ளைகளின் ஆங்கிலம் அவற்றுள் முன்னணியில் நிற்பதைக் காணலாம். வாடகையும் உணவும் மருந்தும் போக எஞ்சும் பணத்தில் பெரும்பங்கு ஆங்கிலப் பள்ளிக்கும் தனிப்பயிற்சிக்கும் போய்ச் சேர்கின்றது. அவ்வளவு செலவிட்ட பின்னரும், பத்தாம் வகுப்பை எட்டிய பிள்ளைக்கு ஒரு விடுப்பு விண்ணப்பத்தைத் தானாக ஆங்கிலத்தில் எழுத வரவில்லையென்றால் பெற்றோர் மனம் சோர்வது இயல்பே.

நம் பிள்ளைகளின் நிலை சற்றுக் கடினமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டில் தமிழ், வீதியிலும் கடையிலும் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், பல பள்ளிகளில் இவற்றோடு இந்தியும் உண்டு. மைசூர் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையில் கன்னடம், இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகள் காணப்படுகின்றன. நம் குழந்தை தன் தாயிடம் பேசும் மொழி அம்மூன்றில் ஒன்றன்று. ஆகவே, ஒரே மொழியில் பேசியும் படித்தும் வளரும் பிள்ளைக்கு இல்லாத சுமை நம் பிள்ளைக்கு இருக்கின்றது.

இச்சுமையைக் குறைக்க எண்ணி நம் இல்லங்கள் பலவற்றில் இரண்டு வழிகள் கைக்கொள்ளப்படுகின்றன. ஒன்று, வீட்டில் தமிழையே நிறுத்திவிடுவது. தமக்கே சரளமாக வராத ஆங்கிலத்தில் தாயும் தந்தையும் பிள்ளையோடு பேச முற்படுகின்றனர். மற்றொன்று, 'நோட்ஸ்' எனப்படும் குறிப்பு நூல்களை வாங்கிக் கொடுத்து, வினாவிடைகளை மனப்பாடம் செய்விப்பது. முதல் வழியில் தமிழ் போய்விடுகின்றது. இரண்டாம் வழியில் ஆங்கிலம் வருவதில்லை. இரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம் மொழியில் நன்கு கேட்டறிந்த பேரிலக்கியக் கதைகளை எளிய ஆங்கிலத்தில் படிப்பதே அவ்வழி. அதற்குரிய சான்றுகளைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. மைசூரிலேயே இரண்டு உண்டு.

மைசூரில் வாழ்ந்த இருவர்

ஆங்கில நாவலாசிரியர் ஆர். கே. நாராயண் 1906 ஆம் ஆண்டில் சென்னையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் அவர் சென்னைப் புரசைவாக்கத்தில் பாட்டியின் பராமரிப்பில் வளர்ந்தார். புராணக் கதைகளையும் இசையையும் அவருக்குக் கற்பித்தவர் அப்பாட்டியே. அவருடைய தந்தையார் பள்ளித் தலைமையாசிரியர். மைசூர் மகாராஜா கல்லூரியைச் சார்ந்த உயர்நிலைப் பள்ளிக்கு அவர் மாற்றப்பட்டபொழுது குடும்பம் இந்நகருக்கு வந்தது. அதாவது, வேலை மாற்றத்தால் குடிபெயர்ந்த குடும்பம் அது. நம்மில் பலருடைய வரலாறும் அதுதானே!

அப்பள்ளியின் நூலகமும் தந்தையாரின் சொந்த நூல்களும் நாராயணுக்குத் தடையின்றிக் கிடைத்தன. ஆயினும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவர் முதன்முறை தேறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஓராண்டு வீட்டிலிருந்தபடியே படித்தும் எழுதியும் கழித்து, 1926 இல் தேறினார். 1930 இல் மகாராஜா கல்லூரியில் பட்டம் பெற்றார். 1935 இல் அவருடைய முதல் நாவலான 'சுவாமியும் நண்பர்களும்' இங்கிலாந்தில் வெளியாயிற்று. தேர்வில் தவறிய பிள்ளையைக் குறித்து மனம் உடைந்து போகும் பெற்றோர் அந்த ஓராண்டை நினைவிற் கொள்ளலாம். மனப்போக்கின்படி கதை படித்த காலம் அவருக்கு வீண் போகவில்லை.

அவர் 1945 இல் வெளியிட்ட 'ஆங்கில ஆசிரியர்' என்னும் நாவல் நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அதன் தலைவனான கிருஷ்ணன் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் போதிப்பவன். உயிருள்ள கவிதையை உரையும் குறிப்பும் தேர்வு வினாவுமாக உலர்த்திக் கொடுக்கும் தொழிலில் அவனுக்குச் சலிப்பு மேலிடுகின்றது. இறுதியில் அவ்வேலையைத் துறந்து, சிறு குழந்தைகள் கதை கேட்டும் விளையாடியும் கற்கும் ஒரு பள்ளிக்குச் செல்கின்றான். இது கற்பனைக் கதையேயாயினும், அதன் ஆசிரியர் தாமே மைசூரின் வகுப்பறைகளில் அமர்ந்து பயின்றவர் என்பதை மறத்தற்கில்லை. 1986 முதல் 1992 வரை மாநிலங்களவையில் நியமன உறுப்பினராக இருந்தபொழுதும், பள்ளிக் குழந்தைகள் சுமக்கும் புத்தக மூட்டையைப் பற்றியே அவர் வருந்திப் பேசினார். யாதவகிரியில் அவர் வாழ்ந்த இல்லம் 2016 முதல் நினைவில்லமாகத் திகழ்கின்றது. விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் அது.

மற்றொருவர் ஏ. கே. ராமானுஜன். 1929 இல் மைசூரிலேயே பிறந்தவர். தந்தையார் மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். அவ்வீட்டின் மாடியில் தந்தையாரோடு ஆங்கிலம். கீழ்த்தளத்தில் அடுக்களையருகே தாயாரோடு தமிழ். வெளியே தெருவில் கன்னடம். இம்மும்மொழி வாழ்வைப் பற்றி ராமானுஜன் தம் கட்டுரைகளில் எழுதியிருக்கின்றார். ஒரு மொழிக்காக மற்றொரு மொழியை அவ்வீட்டார் வெளியேற்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் இருந்தது. அவர் மகாராஜா கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று, பல ஊர்களில் ஆங்கில ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர் அமெரிக்காவிலுள்ள சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

தாயிடம் பேசிய தமிழ் அவருக்கு உண்டு. சங்கத் தமிழை முறையாகப் பயின்றவரல்லர். 1962 இல் சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் பழந்தமிழ் இலக்கணம் ஒன்றைத் தேடியபொழுதுதான் குறுந்தொகை அவர் கைக்கு வந்தது. அதிலிருந்து அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1967 இல் நூலாக வெளிவந்து, சங்கப் பாடல்களின் பெருமையை உலகறியச் செய்தது. அடுக்களைத் தமிழ் அவரிடம் உயிரோடிருந்ததனாலன்றோ, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கிடைத்த பழைய ஏடு அவருடன் பேசியது! அத்தமிழைச் சிறுவயதிலேயே மறக்கச் செய்திருந்தால் குறுந்தொகைக்கும் இழப்பு; ஆங்கிலத்துக்கும் இழப்பு.

மனப்பாடம் வந்த கதை

இவ்வளவு சான்றுகள் இருக்க, இலக்கியம் என்றாலே மனப்பாடம் என்னும் நிலை எவ்வாறு வந்தது? 1835 இல் மெக்காலே தம் குறிப்பை எழுதிய பின், இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு அரசின் ஆதரவு பெருகியது. கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் 1857 இல் தோன்றின. மைசூரிலோ 1833 இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் எழுந்த இலவச ஆங்கிலப் பள்ளியே வளர்ந்து மகாராஜா கல்லூரியாயிற்று. மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916 இல் அமைந்தது. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் ஒரு சிறப்புப் பட்டப் படிப்பாக 1894 இல்தான் ஏற்பட்டது. அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே நம் நாட்டு மாணவர் ஷேக்ஸ்பியரையும் மில்டனையும் பாடமாகப் படித்துத் தேர்வு எழுதிக்கொண்டிருந்தனர்.

அந்நூல்கள் உயர்ந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் ஷேக்ஸ்பியர் எழுதியது நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலம். இன்று எவரும் பேச்சில் வழங்காத 'தௌ', 'ஹாத்' போன்ற சொற்கள் அதில் மலிந்து கிடக்கின்றன. அன்றாட ஆங்கிலமே அறியாத மாணவனுக்கு அதனை நேரே கொடுத்தால் அவன் யாது செய்வான்? உரையை நாடுவான், உரையும் விளங்காதபொழுது நெட்டுருப் போடுவான். பாட்டன் காலத்தில் தொடங்கிய இப்பழக்கமே பேரன் கையில் 'நோட்ஸ்' வடிவில் நீடிக்கின்றது.

இதே மைசூரில் வேறு வகையான கல்வியும் நடைபெற்றது. மகாராஜா கல்லூரியில் ஆங்கிலம் போதித்த பேராசிரியர் பி. எம். ஸ்ரீகண்டய்யா, ஆங்கிலக் கவிதைகளைக் கன்னடத்திற் பெயர்த்து, 'இங்கிலீஷ் கீதகளு' என்னும் தொகுதியை 1926 இல் வெளியிட்டார். நவீன கன்னடக் கவிதைக்கு அது வழிகாட்டி என்று கன்னட அறிஞர் போற்றுகின்றனர். ஒரு மொழியின் இலக்கியத்தை மற்றொரு மொழியின் துணைகொண்டு கற்றால் இரு மொழிகளும் செழிக்கும் என்பதற்கு நம் அண்டை வீட்டாரின் மொழியிலேயே இத்தகைய சான்று கிடைக்கின்றது.

ஆராய்ச்சி கூறுவது

ஆசிரியர்களும் இக்குறையை உணராமலில்லை. இற்றைக்கு நூறாண்டுகளுக்கு முன், வங்காளத்து டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்த மைக்கேல் வெஸ்ட் என்பவர், வங்கச் சிறுவர் ஆங்கிலம் கற்கும் முறையை ஆராய்ந்து 1926 இல் ஒரு நூல் வெளியிட்டார். வாசக நூல்களில் பக்கந்தோறும் புதுச்சொற்கள் குவிந்திருப்பதையும், அவற்றுட் பல மீண்டும் வாராத அருஞ்சொற்களாக இருப்பதையும் அவர் கண்டார். அருஞ்சொல்லை நீக்கி, வழக்கிலுள்ள சொல்லை வைத்து, புதுச்சொற்களைச் சிறிது சிறிதாகப் புகுத்தி வாசக நூல்களை அமைத்தார். 1953 இல் அவர் வெளியிட்ட ஏறத்தாழ 2000 சொற்களைக் கொண்ட பட்டியல், எளிய ஆங்கில நூல்கள் எழுதுவோருக்கு நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது.

புதுச்சொல் எவ்வளவு இருக்கலாம்? ஹூ, நேஷன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவின்படி, பிறர் உதவியின்றிக் கதையை நன்கு விளங்கிக்கொள்ள 100 சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும். ஐம்பது சொற்களுக்கு ஒரு சொல் தெரியாமலிருந்தால் தாழ்வில்லை. பத்துச் சொற்களுக்கு ஒன்று தெரியாவிடில் அது படிப்பாகாது. அகராதியோடு மல்லாடுவதாகவே முடியும்.

ஃபிஜித் தீவுகளில் நடந்த சோதனையொன்றையும் இங்குக் குறிப்பிடுவோம். 1903 முதல் நம் தென்னாட்டு மக்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்று சேர்ந்த நாடு அது. 1980 இல், அங்குள்ள கிராமப்புறப் பள்ளிகள் எட்டில் ஏறத்தாழ 380 பிள்ளைகளுக்கு, 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வகுப்பில் வைத்துக் கொடுக்கப்பட்டன. அவற்றைப் படிப்பதும் கேட்பதுமே அவர்களுடைய முக்கிய வேலை. எட்டு மாதங்களுக்குப் பின்னர்ச் சோதித்ததில், வழக்கமான பாடமுறையில் பயின்றவர்களைப்போல் இரு மடங்கு வேகத்தில் அவர்களுடைய வாசிப்புத் திறன் வளர்ந்திருந்தது என்று எல்லி, மங்குபாய் என்னும் அறிஞர் இருவரும் 1983 இல் எழுதினர். அவை பேரிலக்கியங்களல்ல, படங்கள் நிறைந்த சிறுவர் கதைகள். எனினும், பிள்ளை விரும்பிப் படிக்கும் கதை மொழியைத் தானே கொண்டுவந்து சேர்க்கும் என்பது அதனாற் பெறப்படும்.

நம் கதைகளே ஏணி

இனி, எந்தக் கதை என்னும் வினா எழும். நம் விடை இதுதான்: பிள்ளை முன்பே தமிழில் கேட்டிருக்கும் கதை. கதை தெரிந்திருந்தால், அடுத்து என்ன நிகழும் என்னும் குழப்பமில்லை. யார் யாருக்கு என்ன உறவு என்னும் திகைப்பில்லை. பிள்ளையின் கவனம் முழுவதும் சொல்லிலும் வாக்கிய அமைப்பிலும் நிலைக்கும். தெரியாத சொல் வந்தாலும் இடத்தை நோக்கிப் பொருளை ஊகித்துக்கொள்ளும்.

இதற்கேற்ற நூல்கள் நமக்குக் குறைவில்லை. ராஜாஜி தமிழில் எழுதிய 'வியாசர் விருந்து', 'சக்கரவர்த்தித் திருமகன்' ஆகிய இரண்டும் தமிழ் இல்லங்கள் நன்கறிந்தவை. பின்னது 1958 இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அவருடைய மகாபாரதம் 1951 இலும் இராமாயணம் 1957 இலும் ஆங்கில நூல்களாகப் பாரதிய வித்யா பவன் வெளியீடாக வந்து, பல பதிப்புக்களைக் கண்டன. தாய் தமிழ் நூலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். பிள்ளை ஆங்கில நூலைக் கையில் வைத்துக்கொள்ளலாம். முன்னர்ச் சொன்ன நாராயண், கம்பராமாயணத்தைத் தழுவி 1972 இல் ஆங்கிலத்தில் ஓர் இராமாயணம் எழுதினார். மகாபாரதச் சுருக்கம் 1978 இல் வந்தது. திருக்குறளுக்கு ஜி. யு. போப் 1886 இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. ஆனால் அது செய்யுள் நடையில் அமைந்தது. மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கே ஏற்றது.

நம் கதைகளில் கால் ஊன்றிய பின், பிற நாட்டுக் கதைகளுக்குச் செல்லலாம். ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இருபதைச் சிறுவர்க்கான கதைகளாகச் சார்லஸ் லாம், மேரி லாம் என்னும் உடன்பிறந்தார் இருவரும் 1807 இல் எழுதினர். அந்நூலின் நடையும் இன்று சற்றுப் பழமையானதே. அதனினும் எளிய பதிப்புக்கள் கடைகளில் கிடைக்கின்றன. கதையைத் தெரிந்துகொண்ட பின் மூல நாடகத்தின் ஒரு காட்சியைப் படித்தால் அது அச்சுறுத்தாது.

வீட்டில் செய்யத்தக்கவை

தாய் தந்தையருக்கு ஆங்கிலம் தெரியாதே என்று தயங்க வேண்டுவதில்லை. இம்முறையில் அவர்களுடைய பங்கு தமிழில்தான் இருக்கின்றது. நாளொன்றுக்கு அரைமணி நேரம் போதும்.

முதலாவது: இரவு உணவுக்குப் பின் தாயோ பாட்டியோ ஒரு பகுதியைத் தமிழில் கூற வேண்டும். குகன் கங்கைக் கரையில் இராமனைக் காணும் பகுதியை எடுத்துக்கொள்வோம். பிள்ளை கேள்வி கேட்கட்டும், மறுமொழி சொல்லுங்கள்.

இரண்டாவது: மறுநாள் அதே பகுதியைப் பிள்ளை ஆங்கில நூலில் வாய்விட்டுப் படிக்கட்டும். புத்தகம் ஏற்றதா என்பதை அறிய, ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லித் தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் செய்யலாம். ஒரு கைவிரல்கள் ஐந்தும் மடங்கிய பின்னும் பக்கம் முடியவில்லையென்றால், அதனினும் எளிய நூலைத் தேடுவது நலம்.

மூன்றாவது: படிக்கும்பொழுது இடைமறித்துப் பிழை திருத்தலாகாது. படித்து முடித்த பின், கதையைத் தன் சொற்களில் ஆங்கிலத்தில் கூறச் சொல்லலாம். ஐந்து வாக்கியங்கள் வந்தால் போதும்.

நான்காவது: இரு மொழிகளின் அமைப்பை ஒப்பிட்டுக் காட்டலாம். 'குகன் வந்து, வணங்கி, தேனையும் மீனையும் வைத்து நின்றான்' என்று தமிழில் எச்சங்களை அடுக்கி ஒரே வினைமுற்றில் முடிக்கின்றோம். ஆங்கிலத்தில் ஒவ்வொரு செயலையும் தனி வினையாகக் கூறி, 'அண்ட்' என்னும் சொல்லால் இணைப்பர். பெயருக்கு அடுத்தே வினையை வைத்துப் பிறவற்றைப் பின்னே நிறுத்துவர். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுமிடங்களுள் இது முதன்மையானது. இலக்கணப் புத்தகத்தில் நீண்ட விதியாகப் படித்து விளங்காதது, தெரிந்த கதையில் இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கிவிடும்.

ஐந்தாவது: வாரம் ஒரு முறை அக்கதையைப் பத்து வரிகளில் எழுதச் செய்யலாம். புத்தகத்தைப் பார்த்து எழுதுவது கூடாது.

ஒரு தடை கூறப்படலாம். கதை படித்தால் வேலை கிடைக்குமா, நேர்முகத் தேர்வில் இராமாயணமா கேட்பார்கள் என்று சிலர் வினவுவர். அலுவலகக் கடிதமும் விண்ணப்பமும் எழுதத் தனிப்பயிற்சி வேண்டும் என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அப்பயிற்சி வேரூன்றுவதற்குச் சில ஆயிரம் சொற்களும் வாக்கிய ஓட்டமும் மனத்தில் முன்பே தங்கியிருக்க வேண்டும். அதனைத் தருவது படிப்பு. படிப்பைத் தொடரச் செய்வது கதை. கடித மாதிரிகளை மனப்பாடம் செய்தவனால் மாதிரியில் இல்லாத செய்தியை எழுத இயலாது. கதை சொல்லப் பழகியவன் தன் குறையையும் தேவையையும் எழுதிவிடுவான்.

இதில் அடங்கியிருக்கும் மற்றொரு நன்மையையும் சொல்லி முடிப்போம். ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் நான்கு வார்த்தை தமிழில் பேச இயலாத பேரக் குழந்தைகள் நம்மிடையே பெருகி வருகின்றனர். ஆங்கிலத்துக்காகத் தமிழை விட்டோம் என்று அவர்களுடைய பெற்றோர் சமாதானம் கூறிக்கொள்கின்றனர். மேலே கூறிய முறையில் தமிழ்தான் முதற்படி. பாட்டி சொல்லும் கதை இல்லாமல் இரண்டாம் படியில் கால் வைக்க முடியாது. ஆகவே, ஆங்கிலம் வளருமளவுக்கு வீட்டில் தமிழும் வளர்ந்தே தீரும்.

நம் சங்கத்தில் ஒரு சிறு அலமாரியை இதற்கென ஒதுக்கலாம். ஒவ்வொரு கதைக்கும் தமிழ் நூலொன்றும் எளிய ஆங்கில நூலொன்றுமாக இணைத்து வைத்தால், பத்துக் கதைகளுக்கு இருபது நூல்களே தேவைப்படும். கன்னட நூலும் கிடைப்பின் சேர்த்துக்கொள்ளலாம். அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வந்து படிப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம், மூத்தோர் ஒருவர் தமிழில் கதை சொல்ல, கல்லூரி மாணவர் ஒருவர் அதனையே ஆங்கிலத்தில் படித்துக் காட்ட ஏற்பாடு செய்யலாம். வீட்டில் படித்து முடித்த நூல்களை அன்பர்கள் கொடுத்துதவினால் செலவும் மிகாது. பெரியதோர் தொகை திரட்டும் வரை காத்திராமல், முதல் நூலை வைக்கும் வேலையை இம்மாதமே தொடங்க வேண்டுமென்பது நம் வேண்டுகோள்.